இருபது தாங்காது

அத்தியாயம் 3

சங்கக் கூட்டத்துக்கு இன்னும் சரியாக ஆறு மணி நேரம் இருந்தது. அதற்குள் தன் கணவர் துரோகியா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் என்றார் கமலா.

"இல்லைன்னு தெரிஞ்சா நல்லது," என்று சேர்த்துக்கொண்டார்.

எழில்மதி துப்பறியும் நிலையம் துருகம் சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், சுவரில் கீழ்க்கடைக்காரர் இலவசமாகப் பதித்துக் கொடுத்த நான்கு டைல்ஸ். எழில்மதி அதிகம் பேச மாட்டாள். பேச வேண்டியதை உதவியாளர் செல்லியம்மாள் பேசிவிடுவார். பேச வேண்டாததையும் அவரே பேசிவிடுவார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு, சொந்த ஊர் நைனார்பாளையம், சொந்தமாக ஒரு ஸ்கூட்டி உண்டு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் எழில்மதி.

"எங்க வூட்டுக்காரரு பேரு அரங்கநாதன். உரக்கடை வெச்சிருக்காரு. சங்கத்துல ஒன்றியச் செயலாளர். சங்கத் தலைவர் வேடியப்பன்தான் எங்க சம்மந்தி. அவுரு பையன் தமிழ்வேந்தனுக்குதான் எங்க இலக்கியாவக் குடுக்கறோம். வர்ற வெள்ளிக்கிழம கல்யாணம். இப்ப அந்த சம்மந்தியே எங்க வூட்டுக்காரரத் துரோகின்றாரு."

"சம்மந்திங்க கல்யாணத்துக்கு அப்புறம்தானேம்மா அப்படிச் சொல்வாங்க," என்றார் செல்லியம்மாள். "இவுரு முன்கூட்டியே ஆரம்பிச்சிட்டாரா?"

அது சங்கம் தன் சாதிக்கு இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடத்திக்கொண்டிருந்த ஜனவரி. முகக்கவசத்தைத் தாடையில் போட்டுக்கொண்டு எல்லோரும் கோஷம் போட்டார்கள். இருபது என்ற எண்ணை ஊரில் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாமல் போயிருந்தது. டீக்கடையில் ஒருவர் இருபது ரூபாய் சில்லறை கேட்டால் பக்கத்தில் இருப்பவர் கை தட்டினார்.

"கடைக்கு வந்த சம்மந்தி யூரியா மூட்டைக்குப் பின்னாடி நின்னு கேட்டாராம். இவுரு போன்ல பேசிக்கினு இருந்தாராம். 'இருபது தாங்காது, எரிஞ்சிடும்'னு ஒரு நாளு. 'பதினாறுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா ஏத்துவோம்'னு மறுநாளு. 'எறக்கத்துல பயமில்ல, ஏத்தத்துலதான் பிரச்சன'ன்னு நேத்து. அரசாங்கத்து ஆளுகிட்ட ரகசியமா பேரம் பேசறாராம். அஞ்சு மணிக்குக் கூட்டத்துல யாருகிட்ட பேசினேன்னு சொல்லணுமாம். சொல்லலன்னா சங்கத்துலேர்ந்து நீக்கிடுவாங்க. கல்யாணமும் கெடையாது."

"அவுரு என்ன சொல்றாரு?"

"'நான் துரோகி இல்ல'ன்றாரு. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்றாரு. நாலு நாளா மறியலுக்குப் போறேன்னு போறாரு. போன எடத்துல ஆளக் காணோம்."

எழில்மதி மேஜையைப் பார்த்தபடி கேட்டாள். "எப்பவாவது அரைன்னு சொன்னாராமா? பதினேழரை, பதினெட்டரை, அந்த மாதிரி?"

கமலா யோசித்தார். "இல்லீங்களே. சம்மந்தி ஒவ்வொரு எழுத்தா சொன்னாரு. அரையெல்லாம் இல்ல."

"வேற ஏதாவது வித்தியாசமா?"

"கடை வாசல்ல நெத்திக்கு நேரா புடிச்சு ஜுரம் பார்க்கற மிஷினு இருந்துச்சி இல்ல? அத தெனமும் எடுத்துக்கினு போறாரு. எங்கயோ கூட்டம் போட்டு வர்றவங்களுக்கெல்லாம் ஜுரம் பார்க்கறாருன்றாரு சம்மந்தி. அப்புறம் இது, சட்டப் பையில இருந்துச்சி."

கமலா நீட்டியது மெல்லிய காகிதத் துண்டுகள். விரல் நீளம், அரை விரல் அகலம். சங்கத்தின் மறியல் நோட்டீஸைக் கிழித்தவை. ஒவ்வொன்றும் நடுவில் சின்னச் சின்ன மடிப்பாக, விசிறி போல நெளிந்திருந்தது.

"சங்க நோட்டீஸக் கிழிச்சிப் பல்லால கடிச்சித் துப்பறாருன்றாங்க," என்று கமலா அழத் தொடங்கினார்.

செல்லியம்மாள் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "எலி கடிச்ச மாதிரி இல்ல இருக்குது."

எழில்மதி ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மடிப்புகள் எல்லாம் ஒரே அளவு. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி.

"எந்த எலிக்கும் இவ்ளோ வரிசையா பல்லு இருக்காதுக்கா," என்றாள். "ஸ்கூட்டிய எடுங்க."

*

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை பெரிதாகத் தெரிந்தது. மறியல் கோமுகி அணைக்குப் போகும் வழியில், ஒரு புளிய மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. சாலையின் குறுக்கே ஒரு மாட்டு வண்டி. அதன் நிழலில் பதினைந்து பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரம்மில் மோர் இருந்தது.

"இன்னாப்பா, எத்தினி வண்டிய மறிச்சீங்க?" என்றார் செல்லியம்மாள்.

"காலைலேர்ந்து ஒரே ஒரு பால் வண்டி," என்றார் மோர் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தவர். "அதுவும் நம்ம சங்கத்துப் பால் வண்டி. மறிச்சதுக்கு டிரைவரு கோச்சிக்கினு போயிட்டாரு."

"பஸ்ஸு?"

"மறியல்னு சொன்னதும் மலைக்குப் போற பஸ்ஸ நிறுத்திட்டாங்க. இப்ப மறிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சேலம் ரோட்ட மறிப்போம்னு எல்லாரும் சொன்னோம். அரங்கநாதன்தான் இந்த ரோடுதான் வேணும்னு ஒரே அடியா நின்னாரு. காசு வாங்கிக்கினுதான் இந்த எடத்துல கொண்டாந்து உக்கார வெச்சிட்டாருன்னு பேசிக்கறாங்க."

"அவுரு எங்க?"

அவர் மலைப் பக்கம் கை காட்டினார். "அந்தப் பக்கம் வண்டி ஏதும் வருதான்னு பார்க்கறேன்னு போவாரு. சாயங்காலந்தான் வருவாரு. வண்டியே வராத ரோட்டுல அவ்ளோ நேரம் இன்னாத்தப் பார்ப்பாரோ!"

மாட்டு வண்டியை ஓரமாகத் தள்ளி ஸ்கூட்டிக்கு வழி விட்டார்கள். இரண்டு பெண்கள் போவதை மறித்தால் கணக்கில் வராது என்று ஒருவர் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் எழில்மதி, "அக்கா, உங்க கண்ணாடி," என்றாள்.

"அதுக்கு இன்னா?"

"சத்தம் நின்னு போச்சி."

செல்லியம்மாளின் ஸ்கூட்டியில் இடது கண்ணாடி ஆறு மாதமாக லூஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து இதுவரை அது தாளம் போட்டுக்கொண்டே வந்தது. இப்போது அசையவில்லை. கீழே சாலை கறுப்பாக, எண்ணெய் தடவியது போல் கிடந்தது. புதிதாகப் போட்ட தார். ஒரு குழி இல்லை. ஒரு கல் இல்லை.

"இந்த ஜில்லாவுல இப்படி ஒரு ரோடா?" என்றார் செல்லியம்மாள். "போட்டவன் மறந்து போயி ஒழுங்கா போட்டுட்டானா?"

"இது ஒண்ணுதான் இப்படி இருக்குது. அதான் இதப் புடிச்சிருக்காரு. மறியல் பண்ணா வண்டியும் வராது."

"வண்டி வராத நல்ல ரோட்ட வெச்சிக்கினு ஒரு மனுஷன் இன்னா பண்ணுவான்?"

பதில் எதிரே வந்தது. பெரிய குளவி பறப்பது போல ஒரு சத்தம். பிறகு தரையோடு தரையாக மஞ்சளாக ஏதோ ஒன்று வளைவில் திரும்பி, ஸ்கூட்டியின் பக்கத்தில் கோடு போட்டது போல் போய் மறைந்தது. செல்லியம்மாள் பிரேக் பிடித்ததில் எழில்மதியின் மூக்கு அவர் முதுகில் இடித்தது.

"கீரிப்புள்ள!" என்றார் செல்லியம்மாள். "மஞ்சக் கலருல!"

"கீரிப்புள்ளைக்கு ஏரியல் இருக்காதுக்கா."

வளைவுக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பி மலை ஏறும் சத்தம் கேட்டது. அவர்கள் வளைவில் திரும்பியபோது சாலையோரத்தில் ஒருவர் மட்டும் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சங்கத் துண்டு, கையில் ரிமோட். வேட்டிக்குள் ரிமோட்டை மறைக்கப் பார்த்தார். அது பெரியது. மறையவில்லை.

"அரங்கநாதன்தானே?" என்றாள் எழில்மதி. "உங்க வூட்டுல அனுப்பினாங்க."

அவர் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சளாக ஓடி மறைந்தது ஒரு ரிமோட் கார்; ஒரு முழம் நீளம் இருந்தது. அரங்கநாதன் அதைத் திரும்ப ஓட்டி வரவழைத்து, மேல்கூட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு மோட்டார். மோட்டாரின் முனையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பல்சக்கரம். அது பக்கத்தில் இருந்த பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரியது சக்கரங்களைச் சுற்றுகிறது.

"இந்தச் சின்னதுக்குப் பேரு பினியன்," என்றார். பேச ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இதுல பல்லு ஜாஸ்தி ஆனா வேகம் ஜாஸ்தி. ஆனா மோட்டாருக்கு பாரமும் ஜாஸ்தி. சூடாகி எரிஞ்சிடும். பல்லு கம்மின்னா மோட்டாரு பத்திரமா இருக்கும், வேகம் வராது. அதனால கம்மிலேர்ந்து ஆரம்பிக்கணும். பதினாறு பல்லு போட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டி, சூடு பார்த்து, பதினேழு. மறுபடியும் ஓட்டிப் பார்த்து, பதினெட்டு."

"இருபது?"

"இருபது தாங்காதும்மா. எறக்கத்துல ஓடுது. ஏத்தத்துல எரிஞ்சிடும். ஏற்கெனவே ஒண்ணு எரிஞ்சிடுச்சி."

"சூடு பார்க்கறதுக்குத்தான் ஜுர மிஷினா?" என்றார் செல்லியம்மாள்.

"அது சரிப்படலம்மா. மனுஷ சூட்டுக்கு மேல போனா நம்பர் காட்ட மாட்டேன்னுது. இங்கிலீஷ்ல ஹெச், ஐ-ன்னு ரெண்டு எழுத்துதான் காட்டுது."

"மிஷினு உங்களுக்கு ஹாய் சொல்லுது. நீங்க பதிலுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

எழில்மதி பையிலிருந்து நெளிந்த காகிதத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி வேணும்மா," என்றார் அவர். "ஒட்டியும் இருக்கக் கூடாது, விலகியும் இருக்கக் கூடாது. காயிதத்த நடுவுல விட்டு ரெண்டையும் நெருக்கி, ஸ்குரூவ முடுக்கிட்டு, காயிதத்த உருவிடணும். நோட்டீஸ் காயிதம்தான் சரியான தடிமன்."

"சங்கம் நல்ல காயிதத்துலதான் அடிச்சிருக்குது," என்றார் செல்லியம்மாள். "ஏங்க, இந்த வயசுல இது எதுக்குங்க உங்களுக்கு?"

"பேரப்புள்ளைக்குன்னு வாங்கினேன்."

"பேரப்புள்ள எங்க?"

"இனிமேதாம்மா பொறக்கணும். வெள்ளிக்கிழமதானே கல்யாணம்."

செல்லியம்மாள் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எழில்மதி சாலையோரத்தைப் பார்த்தாள். ஒரு பிளாஸ்க். பக்கத்தில் இரண்டு டம்ளர்கள், இரண்டும் ஈரம். "ரெண்டாவது ஆளு யாருங்க?"

அரங்கநாதன் கார் கூட்டை மூட ஆரம்பித்தார்.

"போன்ல பேசினது அந்த ஆளுகிட்டதானே? கூட்டத்துல அத மட்டும் சொல்லிட்டா முடிஞ்சிடும்."

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். சொன்னா கல்யாணம் நின்னுடும்."

"சொல்லலன்னாலும் நின்னுடும்."

"தெரியும்மா," என்றார். "ரெண்டுலயும் நின்னுடும். வாக்கையாவது காப்பாத்திக்கறேன்."

எழில்மதி குனிந்து புல்லில் கிடந்த ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். அதுவும் விசிறியாக நெளிந்திருந்தது. ஆனால் நோட்டீஸ் காகிதம் இல்லை. அச்செழுத்து பொடிசாக இருந்தது. படித்தாள். கைப்பையில் தனியாக வைத்தாள்.

"இன்னா பாப்பா அது?" என்றார் செல்லியம்மாள்.

"கேள்வி."

"இன்னா கேள்வி?"

"கேள்விதான்க்கா."

*

ஐந்து மணிக்கு சங்க அலுவலகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். வேடியப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அகலமான ஆள். அவருக்குப் பின்னால் சுவரில் இருபது என்று ஆளுயரத்தில் எழுதியிருந்தது. கமலா கதவோரம் நின்றார். மாப்பிள்ளை தமிழ்வேந்தன் வந்தவர்களுக்குத் தட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பா கூப்பிட்டதால் மலையிலிருந்து வந்திருக்கிறான் என்று வேடியப்பனே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிமலைல ரூம் எடுத்துக் குடுத்திருக்கேன். குரூப் ஒன்னுக்குப் படிக்கறான். கீழ இருந்தா கவனம் செதறுதாம்."

"மேல போனாதான் படிப்பு ஏறும்போல," என்றார் செல்லியம்மாள், யாருக்கும் கேட்காதபடி.

எழில்மதி எழுந்தாள். நாற்பது ஆண்கள் பார்த்தார்கள். அவள் மேஜையை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"சதவீதத்துல அரை உண்டு, கால் உண்டு. பேரம்னு வந்துட்டா கடைசில எப்பவும் அரைலதான் வந்து நிக்கும். இவுரு மூணு நாளு பேசியும் ஒரு அரை கூட வரலன்னு தலைவரே சொல்லியிருக்காரு. அரையே இல்லாத பொருள் எதுன்னு பார்த்தேன்."

அரங்கநாதனிடம் வாங்கி வந்த ஐந்து உதிரிப் பினியன்களைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"அரைப் பல்லு கிடையாதுங்க. பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது, இருபது. எண்ணிப் பார்த்துக்கலாம்."

செல்லியம்மாள் காரைத் தரையில் வைத்தார். அரங்கநாதன் ரிமோட்டை அழுத்தினார். மஞ்சள் கார் நாற்பது ஜோடி கால்களுக்கு நடுவே ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. ஒருவர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

வேடியப்பன் இருபது பல் பினியனை விரலால் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். அறையில் சிரிப்பு கிளம்பியது. கமலா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்துடன் முடிந்தது என்று செல்லியம்மாள் டீயை எடுத்தார்.

மோர் டிரம்காரர் எழுந்தார்.

"அப்ப அந்த ரோடு?"

சிரிப்பு நின்றது.

"நாலு நாளா அந்தப் புளிய மரத்தடியில எங்கள உக்கார வெச்சது இந்தப் பொம்மைக்கா?"

"ரோடு நல்லா இருந்துச்சி," என்றார் அரங்கநாதன் மெதுவாக.

"காசு வாங்கியிருந்தா கூட ஒரு மரியாத இருந்திருக்கும்யா!"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். துரோகி என்று நினைத்தபோது கூட இவ்வளவு சத்தம் வரவில்லை. வேடியப்பன் மேஜையைத் தட்டினார்.

"சத்தம் போடாதீங்க. துரோகம் இல்லன்னு ஆயிடுச்சி. பைத்தியக்காரத்தனம்னு ஆயிடுச்சி. அதக் கூட மன்னிச்சிடலாம்." அரங்கநாதன் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு ஆளு தனியா போன் பேச முடியாது. போராட்ட நேரத்துல இன்னொருத்தனும் உங்கூட சேந்து ஆடியிருக்கான். அவன் நம்ம ஆளா, வெளி ஆளா? அந்தப் பேரச் சொல்லு. நாளைக்கே சேலம் ரோட்டுல மறியல், நீதான் தலைமை. வெள்ளிக்கிழம கல்யாணம். சொல்லலன்னா ரெண்டும் இல்ல."

அரங்கநாதன் வேட்டி முனையைப் பார்த்தார்.

"சொல்லுங்க!" என்றார் கமலா கதவோரத்திலிருந்து. "யாரா இருந்தா இன்னா? உங்க பொண்ணு வாழ்க்கைங்க அது!"

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

செல்லியம்மாள் எழில்மதியை இடித்தார். "உனக்குத் தெரியும் இல்ல? மூஞ்சியே சொல்லுது. சொல்லித் தொல பாப்பா."

"அது நான் சொல்ற விஷயம் இல்லக்கா."

டீத் தட்டு அவள் பக்கம் வந்தது. எழில்மதி ஒரு டம்ளரை எடுத்தாள். அது இருந்த இடத்தில் நெளிந்த காகிதத் துண்டை வைத்தாள். அச்செழுத்து மேலே தெரியும்படி வைத்தாள்.

மாதிரி வினாத்தாள். குரூப் ஒன்று. கீழ்க்கண்டவற்றுள் சரியான விடையைத் தேர்ந்தெடு.

தட்டு நின்றது. டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

"கடைசியா கேக்கறேன் அரங்கநாதா," என்றார் வேடியப்பன். "யாருகிட்ட பேசின?"

வேடியப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கமலா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ்வேந்தன் தட்டைத் தரையில் வைத்தான்.

"என்கிட்டதாம்ப்பா."